‘ஹை ரிஸ்க்’ எங்கேயிருந்து வந்தது?

எங்கட நண்பி ஒருத்தியின் அக்கா நாலு மாதக் கர்ப்பிணி. போன மாதம் அவவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை வட்ஸ்அப்பில் வந்தது. டவுன் சின்ட்ரோம்: 180இல் 1. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’. அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. அறிக்கையை எங்களுக்கும் அனுப்பி, “இது என்னெண்டு பாருங்கோ” என்றா. நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள், மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு இலக்கத்தைக் கண்டால் அது எங்கேயிருந்து வந்தது என்று தேடுகிற பழக்கம் இருக்கு. தேடினோம்.

டவுன் சின்ட்ரோமை 1866இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் விபரித்தார். 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதுதான் காரணம் என்று 1959இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். 1960களின் கடைசியில், வயிற்றுக்குள் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்து, அதிலுள்ள கலங்களை வளர்த்துப் பிள்ளையின் நிறமூர்த்தங்களைப் பார்க்க முடிந்தது. ஆனால் ஊசியால் சில வேளை கருவே கலைந்துபோகும். எல்லாருக்கும் போட ஏலாது. அப்போ யாருக்கு? 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஒரு கோடு போட்டார்கள். அந்த வயதளவில் டவுன் சின்ட்ரோமுக்கான வாய்ப்பும், ஊசியால் கரு கலையும் வாய்ப்பும் கிட்டத்தட்டச் சமம் என்று அப்போது கணக்கிட்டார்கள். ஆய்வுகூடங்களால் எத்தனை மாதிரிகளைப் பார்க்க முடியும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. 35ஆவது பிறந்தநாளன்று பெண்ணின் உடம்பில் ஒன்றும் திடீரென்று மாறுவதில்லை. எங்கட வீடுகளில் “முப்பத்தஞ்சு தாண்டிட்டுது” என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேணும்.

இரத்தப் பரிசோதனை வந்தது வேறொரு காரணத்துக்காக. 1972இல் எடின்பரோவில் டேவிட் புரொக், ரோஜர் சட்கிளிஃப் என்ற இருவர், மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாத பிள்ளைகளின் பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. என்ற புரதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். அடுத்த வருடமே அது தாயின் இரத்தத்திலும் தெரிந்தது. ஒரு சிக்கல்: இந்தப் புரதம் கர்ப்பம் வளர வளரக் கூடும். மாதவிடாய்த் திகதியைப் பிழையாகச் சொன்னவர்களுக்கும், வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தவர்களுக்கும் அளவு கூடத்தான் காட்டும். எத்தனையோ பேர் நாட்காட்டிப் பிழைக்குப் பயந்திருக்கிறார்கள். ஸ்கான் பரவலான பிறகுதான் கர்ப்பத்தின் வயதைச் சரியாகப் பார்க்க முடிந்தது.

அடுத்த கட்டத்தைத் தொடக்கி வைத்தது ஒரு தாயின் கேள்வி. அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு ஏ.எஃப்.பி. மிகக் குறைவாக இருந்தது. பிறந்த பிள்ளைக்கு நிறமூர்த்தப் பிரச்சினை. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று அவ கேட்டா. பழைய பதிவுகளைக் கிளறிப் பார்த்தால், இருந்தது. 1984இல் மெர்கட்ஸும் கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். 1988இல் நிக்கலஸ் வோல்ட் குழுவினர் மூன்று பொருட்களின் அளவையும் தாயின் வயதையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். 250இல் 1 என்ற எல்லையை வைத்தால் டவுன் சின்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் 60 வீதம் பிடிபடும். அதற்கு விலை, அந்த நிலை இல்லாத கர்ப்பங்களில் 100க்கு 5 தாய்மாரும் ‘ஹை ரிஸ்க்’ ஆவது. அதாவது அவர்கள் பயப்படப்போவது திட்டம் போடும்போதே தெரியும்.

அம்மம்மா மா அரிக்கிறதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அரிதட்டில் மிஞ்சுகிற கப்பியை அவ எறியமாட்டா. திரும்ப இடிச்சு, திரும்ப அரிப்பா. இந்தப் பரிசோதனை செய்வதும் அதுதான். அக்காவின் அறிக்கை போல 180 பேருக்கு வந்தால் 179 பேரின் பிள்ளைகளுக்கு டவுன் சின்ட்ரோம் இருக்காது. இதன் மறுபக்கமும் உண்மை: ‘லோ ரிஸ்க்’ என்றால் பூச்சியம் இல்லை.

1997இல் டெனிஸ் லோவும் கூட்டாளிகளும் தாயின் இரத்தத்திலேயே கருவின் டி.என்.ஏ. மிதப்பதைக் கண்டார்கள். புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ. இரத்தத்தில் கலக்குமென்றால் வயிற்றுப் பிள்ளையினுடையதும் கலக்கத்தானே வேணும் என்பது லோவின் யோசனை. 2011 முதல் இது விற்பனைக்கு வந்தது. 99 வீதம் பிடிக்கும் என்கிறார்கள். அதுவும் அரிதட்டுத்தான். ஆயிரம் இளம் தாய்மாரில் ஒருவரின் பிள்ளைக்கு அந்த நிலை இருந்து, பரிசோதனை ஆயிரத்துக்கு ஒருவரைப் பிழையாகக் காட்டினால், ‘பொசிட்டிவ்’ வந்த இருவரில் ஒருவருக்கு ஒன்றுமில்லை.

கணக்கு விளங்கினால் பயம் போய்விடுமா? இல்லை. பார்பரா கட்ஸ் ரொத்மன் என்ற சமூகவியலாளர் 1986இல் எழுதிய ‘த டென்டடிவ் பிரெக்னன்சி’ என்ற புத்தகத்தில், ஊசிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த பெண்கள் கர்ப்பத்தைத் தள்ளி வைத்தே வாழ்ந்ததைப் பதிவு செய்கிறார். பிள்ளையின் அசைவைக்கூடச் சிலர் பிந்தித்தான் உணர்ந்தார்களாம். பிள்ளை பிறக்க முதல் சாமான் வாங்கக்கூடாது என்கிற ஊர் எங்கட ஊர், அதனால் இங்கே ஒரு பெண் ஒதுங்கியிருப்பது வெளியே தெரியாது. அக்கா பெயர் யோசிப்பதை நிறுத்தியது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கு. பிரித்தானியாவில் இந்தப் பரிசோதனைகள் வளர்ந்தது 1967க்குப் பிறகு, கருக்கலைப்பு ஒரு தெரிவாக இருந்த சூழலில். இங்கே 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறெதற்கும் அது குற்றம். பரிசோதனை மட்டும் கடல் தாண்டி வந்திருக்கு. அப்போ முடிவு தெரிந்து என்ன செய்வது? பயனில்லாமல் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பது, பிறந்த உடனே யார் பார்க்கவேணும் என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம். ஆனால் இதையெல்லாம் இருத்தி வைச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும். அக்காவுக்கு வந்தது ஒரு பி.டி.எஃப். மட்டும்.

பிறகு அவ கிளினிக்குக்கு மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனா: கணக்குக்குக் கொடுத்த கர்ப்ப வயது முதல் ஸ்கானோடு ஒத்துப்போகுதா? என்ர வயதாலே மட்டும் எவ்வளவு? அடுத்த பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? டொக்டர் இருபது நிமிடம் கதைச்சாராம். திகதி சரிதான், இலக்கம் மாறவில்லை. ஊசி இப்ப வேண்டாம், ஸ்கானைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று அக்கா சொல்லியிருக்கிறா.

ஸ்கானுக்கு இன்னும் 9 நாள். இரவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருக்க அறிக்கையைத் தன்ர போனில் இருந்து அழிச்சுப்போட்டு, எங்களை வைச்சிருக்கச் சொன்னா. அது இப்ப எங்களிட்ட இருக்கு.