ஸ்டவ் எந்த இடத்தில் வெடிக்கும்?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் தமிழ் நாளிதழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகவே இருக்கும்: 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி'. ஊர் மாறும், வயது மாறும், வாக்கியம் மட்டும் மாறாது. எழுத்துக்கூட்டிப் படித்த வயதில் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. பாம்பு என்றால் கொத்தும், ஸ்டவ் என்றால் வெடிக்கும். அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய பித்தளைப் பம்பு ஸ்டவ்வை வாங்கி, முழுசாகப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி எரிய வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் திரும்பி வந்தது. சரி, இதில் எந்த இடம் வெடிக்கும்? மென்பொருள் வேலையில் ஒரு புகார் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த அமைப்பில் அப்படி ஒரு கோளாறு வர வழி இருக்கிறதா? இல்லையென்றால் புகாரை இன்னொரு முறை படிப்போம்.

ஸ்டவ்வை வாங்கியது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ராயவரம், அரிமளம், கோனாபட்டு, ராங்கியம் போன்ற ஊர்களின் பெரிய வீடுகளிலிருந்து கழித்துக்கட்டப்பட்ட சாமான்களும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. டேங்கின் மேல் எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. 'மேட் இன் ஸ்வீடன்' மட்டும் தெரிந்தது. செட்டிநாட்டைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஸ்வீடன் எனாமல் தூக்கும் கிண்ணமும் இன்றும் அந்தக் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில்தான் பர்மா எண்ணெயும் இந்தியா முழுக்கப் பாய்ந்தது. பர்மா ஆயில் கம்பெனி 1886இல் தொடங்கியது. அது 1928இல் ஷெல்லோடு சேர்ந்து பர்மா ஷெல் ஆனது. பாட்டி காலத்துச் சீமெண்ணெய் டின்னில் இருந்த பெயர் அது.

இந்த வகை ஸ்டவ்வின் மூலம் ஸ்டாக்ஹோம். பால் பிரிக்கும் இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கினார். 'பிரைமஸ்' என்று பெயர். திரியை எரித்தால் புகை, கரி, மஞ்சள் தீ. அவர் திரியையே தூக்கிவிட்டார். அதே ஊர்க்காரர் கார்ல் ரிச்சர்ட் நைபெர்க் 1882 வாக்கில் செய்த ஊதுவிளக்கின் தத்துவம்தான்: எண்ணெயைத் திரவமாக எரிக்காதே, ஆவியாக்கி எரி. 1953இல் எவரெஸ்டுக்குப் போன குழுவிடமும் பிரைமஸ் இருந்தது. நம் வீட்டுக் காப்பியும் அதில்தான் கொதித்தது.

இனி ஸ்டவ்வுக்குள் போவோம். டேங்குக்கு மூன்றே வாய்கள். ஒன்று எண்ணெய் ஊற்றும் மூடி. அதன் நடுவிலேயே ஒரு சின்னக் காற்றுத் திருகு. இரண்டாவது, கைப்பம்பு. மூன்றாவது, பர்னருக்கு ஏறும் குழாய். பம்பு அடித்தால் காற்று உள்ளே போய் எண்ணெயை அமுக்கும், எண்ணெய் குழாயில் ஏறும். பர்னரின் குழாய் வளைவுகள் சூடாக இருப்பதால் அங்கேயே ஆவியாகி, நிப்பிளில் உள்ள துளை வழியாகச் சீறும். துளை ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், ஒரு தடித்த தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆவி மேலே உள்ள தட்டில் மோதி, காற்றோடு கலந்து, 'ஹோ'வென்ற இரைச்சலோடு நீலமாக எரியும். அந்தச் சூடு மறுபடி வளைவுகளைச் சூடாக்கும். தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் சுழற்சி. முதல் சூட்டை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பர்னருக்கு அடியில் கிண்ணம். அதில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, அது எரிந்து முடியும் நேரத்தில் பம்பு அடிக்க வேண்டும்.

சுத்தம் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிப் பித்தளைக்குப் புளியும் உப்பும், வேறொன்றும் தேவைப்படவில்லை. பம்பின் தோல் வாஷர் காய்ந்து அப்பளமாக இருந்தது. ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்ததும் மெத்தென்று விரிந்தது. பம்பின் அடியில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வின் குட்டி ரப்பரை மாற்றினேன். பர்னரைக் கழற்றியதும் கீழே இருந்த ஈய வாஷரையும் மாற்றினேன். பர்னருக்குள் கரி அடைந்திருந்தது. அதை எடுக்கத்தான் இரண்டாவது ஞாயிறு முழுக்கப் போனது. ஸ்டவ் பின் இப்போது எங்கே கிடைக்கிறது? கிதாரின் மெல்லிய கம்பி ஒன்றை வெட்டிக்கொண்டேன். கடைசியில் வெறும் டேங்கில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். டேங்கு தடித்த பித்தளைத் தகடு, அழுத்தம் கையால் அடிக்கும் பம்பிலிருந்து. அளவு மீறி அடித்தால் முதலில் அடித்தட்டு பிதுங்கும், ஸ்டவ் தரையில் நிற்காமல் ஆடும். பழைய கடைகளில் அப்படி அடி பிதுங்கிய ஸ்டவ்களைப் பார்க்கலாம். அதற்கும் மேலே போனால் ஏதாவது ஒரு ஈயப்பற்று விட்டுக் கசியும். பித்தளை கண்ணாடியல்ல, நொறுங்காது. 'வெடித்து' என்ற சொல்லுக்கு இந்தப் பொருளில் இடம் மிகக் குறைவு.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை, நிறைய இருக்கிறது. கிண்ணம் சரியாகச் சூடாகும் முன் பம்பு அடித்தால் ஆவிக்குப் பதிலாகச் சீமெண்ணெயே நிப்பிளில் பீய்ச்சும், தீ ஆளுயரம் எழும். எரியும்போதே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினால் தீ தாவும். எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால் இன்னும் மோசம். அதிலும் நைலக்ஸ், பாலியஸ்டர் சேலை என்றால் உருகித் தோலில் ஒட்டும். உண்மையான விபத்துகள் நடந்தன, பெண்கள் இறந்தார்கள். ஆனால் அந்தத் தீ கீழிருந்தோ முன்னாலிருந்தோ வரும். முந்தானையில், கையில், வயிற்றில் பிடிக்கும். தலைமயிரிலும் முதுகிலும் சீமெண்ணெய் இருந்தால் அது ஸ்டவ்விலிருந்து வந்ததில்லை. பக்கத்தில் டேங்கு ஒரு நசுங்கலும் இல்லாமல் முழுசாக நின்றால், அந்த ஸ்டவ்வே சாட்சி.

திருமயம் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல் பம்பு ஸ்டவ்வில் சமைத்தவர். "தீ எகிறுனா என்ன பெரியம்மா செய்வீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வெறும் காற்றில் விரலால் ஒரு திருகு திருகிக் காட்டினார். காற்றுத் திருகு! அதைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், தீ அடங்கிவிடும். "அது தெரியாம யாருப்பா ஸ்டவ் பத்த வப்பா? எங்க மாமியா மொத நாளே சொல்லிக் குடுத்துட்டா." அப்புறம் கொஞ்சம் நேரம் கழித்து, "வெடிச்சுச்சுன்னு சொல்லுவாக. ஊருல எல்லாருக்கும் தெரியும். யாரு கேப்பா?" என்றார். மாமியார் வீட்டில் மட்டும், அதுவும் புது மருமகளுக்கு மட்டும், ஸ்டவ் வெடிக்கிறது என்று அந்தக் காலத்துப் பெண்கள் அமைப்புகள் கேட்டதும் இதைத்தான்.

1980 டிசம்பரில் டெல்லியில் ஒரு நிறைமாத கர்ப்பிணி எரிந்து இறந்தார். குடும்பம் விபத்து என்றது. 1983இல் கீழ் நீதிமன்றம் கணவர், மாமியார், கணவரின் சகோதரர் மூவருக்கும் தூக்கு விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் கணவரும் மாமியாரும் குற்றவாளிகள்தான் என்று ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரே ஆதாரங்கள், மூன்று தீர்ப்புகள். இடையில் சட்டமும் நகர்ந்தது. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் இருந்தது, பயன் சொற்பம். 1983இல் கணவர் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கும் 498-ஏ வந்தது. 1986இல் 304-பி வந்தது: மணமாகி 7 ஆண்டுக்குள் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ பெண் இறந்து, சாவுக்குச் சற்று முன் வரதட்சணைக் கொடுமையும் நடந்திருந்தால், அது வரதட்சணை மரணம்.

நம் செய்திகளின் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா? 'திருமணமாகி 3 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெறுகிறது.' அதுவும் 1983 திருத்தத்தின் விளைவுதான். மணமான 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் போலீசோடு நிற்காமல் நிர்வாக நடுவரும் விசாரிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனை கட்டாயம். என்னைக் கேட்டால், பரபரப்பான பிரிவுகளைவிட இந்தச் சலிப்பூட்டும் நடைமுறைதான் அதிகம் சாதித்தது. 'ஸ்டவ் வெடித்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போக முடியாமல், ஸ்டவ்வைப் போய்ப் பார்க்க ஓர் அதிகாரியைக் கடமைப்படுத்தியது அது.

பிறகு ஸ்டவ்வே போய்விட்டது. சமையல் கேஸ் இந்தியாவில் 1955இல் மும்பையில் 'பர்ஷேன்' என்ற பெயரில் வந்தது. இண்டேன் 1965இல் கொல்கத்தாவில். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அது நெடுங்காலம் பணக்கார வீட்டுச் சமாச்சாரம். 2007இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு தரத் தொடங்கியது, 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. பித்தளை ஸ்டவ்கள் எடைக்குப் போயின. நாளிதழ் வாக்கியமும் 'சிலிண்டர் வெடித்து' என்று மாறியது. அதிலும் பெரும்பாலும் வெடிப்பது சிலிண்டர் இல்லை. கசிந்து அறையில் நிறைந்த வாயுதான் பற்றி வெடிக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் வரதட்சணை மரண வழக்குகள் 6,450. அந்த வருஷம் எத்தனை வீடுகளில் பம்பு ஸ்டவ் இருந்திருக்கும்? 304-பி இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதே வாசகம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவு.

மூன்றாவது ஞாயிறு மாலை மொட்டை மாடியில் பற்ற வைத்தேன். முதல் தடவையே நீலத் தீ. ஒரு லிட்டர் தண்ணீர் ஐந்து நிமிஷத்துக்குள் கொதித்துவிட்டது. சத்தம்தான் தெருவுக்கே கேட்டது.