ரப்பர் தந்த கைகளுக்கு உறை வந்த கதை

அறுவை அறைக்குள் மெல்லிய ரப்பர் கையுறை புகுந்தது யாரைக் காக்க என்று நினைக்கிறீர்கள்? நோயாளியை அல்ல, ஒரு தாதியை! 1890-ஐ ஒட்டி அமெரிக்காவில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதியின் கைகள் பாதரசக் கிருமிநாசினியால் புண்ணாயின. டாக்டர் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்குக் கையுறை செய்வித்தார். ஆக, வேலை செய்யும் கையைக் காப்பதே அதன் முதல் நோக்கம்.

அந்த ரப்பரைத் தந்த நம் கைகளுக்கு என்ன கிடைத்தது? 1982 வரை தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தானைச் சுற்றிலும் ரப்பர், தென்னை, செம்பனைத் தோட்டங்கள். பால் உறைய பார்மிக் அமிலம்; களையை அழிக்க முதலில் ஆர்சனிக் மருந்து, 1960-களில் பாராகுவாட். எய்ட்ஸ் அச்சத்தால் 1980-களின் பிற்பகுதியில் மலேசியக் கையுறை ஆலைகள் பெருகி, உலகத்திற்கே ஏற்றுமதி செய்தன. அப்போதும் பல தோட்டங்களில் நம் பெண்கள் வெறுங்கையோடுதான் மருந்து அடித்தார்கள்.

1967-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் உரியதாக இருந்தது. வயலில் நிற்பவரையும் தழுவியது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன்படி தரும் பாதுகாப்புச் சாதனத்திற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. மற்ற களைக்கொல்லிகள் இன்றும் உண்டு.

உறை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. துணி உறை விஷத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைக்கும். சுத்தியல் படம் போட்ட உறை சிராய்ப்பு, வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டது. அந்தக் குறி மட்டும் இருந்தால் மருந்துக்கு உதவாது. குடுவைப் படம் இரசாயனத்திற்கு உரியது. பூச்சிமருந்து, களைக்கொல்லிக்கென்றே 2019-இல் ஐஎஸ்ஓ 18889 என்ற தரம் வந்தது. நீர் கலந்த, ஆபத்து குறைந்த மருந்துக்கு ஜி1. கலக்காத மருந்தை ஊற்றிக் கலக்க ஜி2.

இன்று மருந்து அடிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். அவர்களை மேற்பார்க்கும் மண்டோர்களில் நம்மவரும் உண்டு. நம் பாட்டிமார்க்கு யாரும் சொல்லித் தராததை, இவர்களுக்கு நாமாவது சொல்லித் தருவோமா?