பள்ளிவாசலை அடுத்த பள்ளிக்கூடம்: கொழும்பு ஸாஹிரா கல்லூரி நமக்குச் சொல்லும் செய்தி

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

மதரஸாவில் கற்பிக்கும் எங்களிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. “ஹஸ்ரத், பையனைப் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்க வைப்பதா, மார்க்கக் கல்விக்கு அனுப்புவதா?” என்பதே அது. கேட்பவரின் குரலில், இரண்டில் ஒன்றை இழந்தே தீர வேண்டும் என்னும் அச்சம் இருக்கும். அந்த அச்சத்தை வளர்த்ததில் எங்களைப் போன்றோருக்கும் பங்கு உண்டு. பள்ளிப் பாடத்தை ‘துன்யா’ என்றும், மதரஸாப் பாடத்தை ‘தீன்’ என்றும் பிள்ளைகள் முன்னிலையிலேயே பிரித்துப் பேசியிருக்கிறோம். அப்படிப் பேசியது சரிதானா என்று எங்களைச் சிந்திக்க வைத்தது கொழும்பு மருதானையிலுள்ள ஸாஹிரா கல்லூரியின் வரலாறு. அதனை இங்கே சுருக்கமாகப் பகிர்ந்துகொள்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தது. அங்கே சென்றால் பிள்ளைகள் ஈமானை இழந்துவிடுவார்கள் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆனால் அதன் விளைவாக ஒரு சமூகமே அலுவலகங்களிலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும் விலகி நின்றது. அதே காலத்தில் பிற சமூகத்தார் வேறு வழி கண்டனர். கொழும்பில் பௌத்தர்கள் 1886-இல் தொடங்கிய பள்ளியே பின்னர் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சைவர்கள் 1890-இல் இந்துக் கல்லூரியைத் தொடங்கினர். தம் சமயத்தைக் காத்துக்கொண்டே புதிய கல்வியையும் பெறலாம் என்பதை அவர்கள் செயலில் காட்டினர்.

நம் சமூகத்தில் இதனை முதலில் உணர்ந்து உரத்துச் சொன்னவர் கண்டியில் 1838-இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள். வழக்கறிஞர் தொழிலில் நல்ல பெயரும் வருவாயும் பெற்றிருந்த அவர், 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழைத் தொடங்கினார். மார்க்க அறிவோடு ஆங்கிலமும் பிற கலைகளும் கற்க வேண்டும் என்று அதில் இடைவிடாது எழுதினார். பெண் கல்விக்கும் குரல் கொடுத்தார். 1885-இல் ‘அஸன்பே சரித்திரம்’ எழுதிய கைகளும் அவருடையனவே. அவரை எதிர்த்தோர் வெளியார் அல்லர், நம்மவர்களே. ஆங்கிலம் கற்பதை மார்க்கத்திற்கு முரணானதாகக் கருதியோர் அவர் மீது ஐயம் கொண்டனர். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

அவ்வேளையில்தான் அல்லாஹ் எதிர்பாராத துணையொன்றை அனுப்பினான். எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்து, 1882-இல் ஆங்கிலேயப் படையிடம் தோல்வியுற்ற ஒராபி பாஷா, தம் தோழர்களுடன் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் வந்திறங்கினர். தோற்றுப்போன தளபதி என்று அவரை இம்மக்கள் ஒதுக்கவில்லை, அன்போடு வரவேற்றனர். அவரும் தம் துயரத்திலேயே மூழ்கிக் கிடக்கவில்லை. கல்வியில் பின்தங்கிய ஒரு சமூகத்தைக் கண்டு, அதன் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று சித்தி லெப்பையுடன் தோள் கொடுத்து நின்றார்.

எழுதுகோலும் ஆலோசனையும் மட்டும் கட்டடமாகிவிடா. மூன்றாமவராக வந்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் கட்டடக் கலைஞர். 1877-இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர் அவரே. அதன் திறப்பு விழாவின்போது, என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடப்பட வேண்டும் என்பதையே அவர் கேட்டுப் பெற்றதாகவும் ஒரு செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. இம்மூவரின் முயற்சியாலும் இன்னும் பலரின் உதவியாலும் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மருதானைப் பள்ளிவாசலை அடுத்து ‘அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா’ தொடங்கப்பட்டது. ‘ஸாஹிரா’ என்னும் அறபுச் சொல்லுக்கு மலர்ந்து ஒளிர்வது என்று பொருள். நாம் மஸ்ஜிதையும் ‘பள்ளி’ என்கிறோம். கல்விக்கூடத்தையும் ‘பள்ளி’ என்கிறோம். நம் மொழி ஒரே சொல்லால் சுட்டியவை இரண்டும் மருதானையில் ஒன்றையொன்று அடுத்து நின்றன.

தொடக்கம் சிறப்பாக அமைந்தாலும் வளர்ச்சி எளிதாக இருக்கவில்லை. சித்தி லெப்பை 1898-இல் காலமானார். ஒராபி பாஷா 1901-இல் தாயகம் திரும்பினார். சுமார் முப்பது ஆண்டுகள் அது சிறிய பள்ளியாகவே இருந்தது. 1921-இல் டி. பி. ஜாயா அவர்கள் அதிபராகப் பொறுப்பேற்றார். அவர் மலாய் முஸ்லிம். அதற்குமுன் பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். சோனகர், மலாயர் என்னும் வேறுபாடு பாராமல் சமூகம் அவரிடம் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் உழைத்த உழைப்பால் ஸாஹிரா நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. அளுத்கம, கம்பளை, மாத்தளை முதலிய ஊர்களிலும் ஸாஹிராக்கள் எழுந்தன. பின்னர் அமைச்சராகவும் பாகிஸ்தானுக்கான தூதராகவும் விளங்கிய ஜாயா அவர்கள், 1960-இல் மதீனா மாநகரில் மறைந்து, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு அல்லாஹ் அருளிய முடிவு இது.

அவருக்குப் பின் 1948-இல் அதிபரானவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அந்நாளில் அதனினும் உயர்ந்த அரசுப் பதவி நம் இளைஞர்களின் கனவிலும் வந்திராது. அதனைத் துறந்துவிட்டு அவர் பள்ளிக்கூடத்திற்கு வந்தார். அதற்கு முன்பே, 1945-இல், ஏழை மாணவர்களுக்காக முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தைத் தோற்றுவித்திருந்தார். அவர் காலத்தில் ஸாஹிராவில் அறபும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே செழித்தன.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அஸீஸ் அவர்கள் படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். தமிழாய்வில் பெரும் புகழ் பெற்ற பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி படித்ததும் பின்னர் சில காலம் கற்பித்ததும் நம் ஸாஹிராவில். சைவர்கள் நடத்திய கல்லூரி நமக்கு ஒரு தலைவரை உருவாக்கித் தந்தது. முஸ்லிம்கள் நடத்திய கல்லூரி தமிழுலகிற்கு ஓர் அறிஞரை உருவாக்கித் தந்தது. அஸீஸ் தம் தீனை இழக்கவில்லை. சிவத்தம்பியிடம் யாரும் அவருடைய சமயத்தைக் கேட்கவில்லை. பத்ருப் போரில் சிறைப்பட்டோரில் எழுத்தறிந்தவர்கள், முஸ்லிம் சிறார்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த வரலாற்றை நாம் மேடைகளில் சொல்கிறோம். அதன் பொருளை மருதானையில் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

1960-ஐ அடுத்து உதவிபெறும் பள்ளிகளை இலங்கை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டபோது ஸாஹிராவும் அரசுப் பள்ளியாயிற்று. 1961-இல் அஸீஸ் அவர்களும் விடைபெற்றார்கள். பிற்காலத்தில் அதன் நிருவாகம் மீண்டும் சமூகத்தின் கைக்கு வந்தது. ஒரு கல்வி நிலையம் யார் பெயரில் இருந்தாலும், அதனை அடுத்து வாழும் மக்கள் அக்கறை காட்டும்வரையில்தான் அது உயிரோடிருக்கும் என்பதை அந்த ஏற்ற இறக்கங்கள் கற்பிக்கின்றன.

நம் மஹல்லாவிலும் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. நம் பிள்ளைகள் காலையில் அங்கும், மாலையில் எங்களிடமும் வருகிறார்கள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரை நம்மில் எத்தனை பேர் ஒரு முறையேனும் சந்தித்திருக்கிறோம்? அங்கே கழிப்பறை சரியாக இருக்கிறதா, கணக்குப் பாடத்திற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று ஜமாஅத் கூட்டத்தில் எப்போதேனும் கேட்டிருக்கிறோமா? பள்ளிவாசலுக்குப் பளிங்குக்கல் பதிக்க எழும் கைகள், பள்ளிக்கூடத்திற்கு ஒரு நூலக அலமாரி வாங்கவும் எழ வேண்டும்.

எனவே, எங்களிடம் கேட்கப்படும் கேள்விக்கு இனி நாங்கள் சொல்லும் விடை இதுவே: பிள்ளை பள்ளிக்கூடத்திலும் படிக்கட்டும், மதரஸாவிலும் ஓதட்டும். இரண்டுக்கும் நேரம் வகுத்துத் தருவது எங்கள் பொறுப்பு. தேர்வு நாட்களில் மதரஸா நேரத்தை மாற்றியமைக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பெற்றோர்களாகிய நீங்கள் இரு ஆசிரியர்களையும் சந்தியுங்கள். இரு இடத்துப் பாடங்களையும் விசாரியுங்கள்.

சித்தி லெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரிக்கார், ஜாயா, அஸீஸ் ஆகியோரின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, நிலையான தர்மமாக்கி அருள்வானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.