பழைய காருக்கு டர்போ: எங்கே காசு கரையுது?

சித்தூர், திருப்பதி பக்கம் பழைய பெட்ரோல் காருக்கு டர்போ மாட்ட நினைக்கிறீங்களா? முதலில் திருமலை மலைப்பாதையை நினைச்சுப் பாருங்க. சுமார் 18 கி.மீ. ஏற்றத்தில் இன்ஜினுக்கு ஓய்வே கிடையாது.

டியூனிங்: காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பழைய இன்ஜெக்டர், பழைய இசியூ செட்டிங்கோடு ஓட்டினால் நாக்கிங் வரும், பிஸ்டனே உருகலாம்.

ஆயில்: டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுழலும். ஆயில் திரும்பும் குழாய் மடங்கினால் சீல் வழியே கசியும். மலை ஏறியதும் உடனே ஆஃப் பண்ணாதீங்க. ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்க.

சட்டம்: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்வது இது.

ஆர்டிஓ அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்க. அடுத்து டியூனிங்குக்குப் பணம் ஒதுக்குங்க. டர்போ வாங்குவது அதுக்கப்புறம்தான்.