பொது மின்னேற்ற நிலையங்களில் முன்பதிவு

பொது இடத்தில் உள்ள மின்னேற்றக் கருவியை (சார்ஜர்) ஒதுக்கிவைப்பது இருவகைப்படும். கருவிக்கு முன்னுள்ள நிறுத்துமிடத்தை மின் வாகனங்களுக்கு மட்டும் எனச் சட்டத்தால் ஒதுக்குவது ஒன்று. குறிப்பிட்ட நேரத்துக்குக் கருவியை ஒரு ஓட்டுநருக்குப் பதிவுசெய்வது மற்றொன்று. முதலாவது போக்குவரத்துச் சட்டத்திலும் இரண்டாவது மென்பொருளிலும் தனித்தனியே வளர்ந்தன. செயலியில் பதிவுசெய்துவிட்டு வந்தவர், அந்த இடத்தில் பெட்ரோல் கார் நிற்பதைக் காண நேர்வது இதனால்தான்.

கலிபோர்னியாவின் காற்று வள வாரியம், பெரிய கார் நிறுவனங்கள் புகை வெளியிடாத வாகனங்களையும் விற்க வேண்டும் என 1990-ல் விதித்தது. ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 கார் 1996-ல் வெளிவந்தது. அதையொட்டிப் பொது நிறுத்துமிடங்களில் மின்னேற்றக் கருவிகள் நிறுவப்பட்டன. அங்கே பிற வண்டிகள் நின்றால் இழுத்துச் செல்லலாம் என்ற சட்டம் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. இடத்தைப் பயன்படுத்தும் கார், புகையற்ற வாகனம் என்பதற்கான ஒட்டுவில்லையைக் கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நிறுவனங்கள் குத்தகைக்கு விட்டிருந்த மின்கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கிவிட்டன. காக்க வேண்டிய வண்டிகள் குறைந்துவந்த காலத்தில் கிடைத்த பாதுகாப்பு அது.

2010 டிசம்பரில் நிசான் லீஃப், செவர்லே வோல்ட் கார்கள் விற்பனைக்கு வந்ததும் இடப்பிரச்சினை மீண்டும் எழுந்தது. வோல்ட்டில் பெட்ரோல் எஞ்சினும் இருந்தது. 2011-ல் நிறைவேறிய திருத்தம் ஒட்டுவில்லை நிபந்தனையை நீக்கி, வண்டி கருவியுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. இதற்கு எதிர்ப்பு மின்கார் ஓட்டுநர்களிடமிருந்தே வந்தது. பழைய ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்ன நேரத்துக்குமேல் கம்பியைக் கழற்றிக்கொள்ளலாம் என்று ஓர் அட்டையில் எழுதிக் காரின் முன்கண்ணாடியில் வைத்துச் செல்வார்கள். பக்கத்து இடத்தில் நிறுத்தியவர் அதன்படி கழற்றித் தம் வண்டியில் செருகிக்கொள்வார். ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவது போன்ற ஏற்பாடு. புதிய விதியின்படி, கழற்றப்பட்ட வண்டி இழுத்துச் செல்லத் தக்கதாகிவிட்டது. பிளக் இன் அமெரிக்கா அமைப்பு இக்காரணத்தைக் காட்டித் திருத்தத்தை எதிர்த்தது. ஆயினும் 2012 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனி 2015-ல் வேறு வழியை மேற்கொண்டது. இடங்களை ஒதுக்கும் அதிகாரத்தைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அளித்தது. தகுதியான வாகனங்களை அடையாளம் காண, பதிவெண்ணின் இறுதியில் 'இ' என்ற ரோமன் எழுத்து சேர்க்கப்பட்டது.

நேரத்தைப் பதிவுசெய்யும் முறைக்கு அடித்தளமானது நெதர்லாந்தின் இ-லாட் அமைப்பு உருவாக்கிய ஓசிபிபி என்ற தொடர்பு நெறிமுறை. அதன் 1.5 பதிப்பில் முன்பதிவுக் கட்டளை சேர்ந்தது. மைய அமைப்பு, பயனரின் அட்டை எண்ணையும் காலாவதி நேரத்தையும் கருவிக்கு அனுப்பும். அதுவரை வேறு அட்டைகளைக் கருவி ஏற்காது. குறித்த நேரத்துக்குள் ஆள் வராவிட்டால் பதிவு தானே நீங்கும். 2015-ல் வெளியான 1.6 பதிப்பிலும் இது கட்டாயமல்ல, விருப்பப் பகுதியே. கருவிக்குத் தன் கம்பியின் நிலை தெரியும். எதிரே கம்பி செருகாமல் நிற்கும் வண்டியைப் பற்றி இந்த ஏற்பாட்டில் அதற்கு எதுவும் தெரியாது.

பாரிசில் 2011 டிசம்பரில் தொடங்கிய ஆட்டோலிப் மின்கார் பகிர்வுச் சேவையில், பயனர் சேருமிடத்து நிறுத்துமிடத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய முடிந்தது. நிலையங்கள் அச்சேவைக்கென்றே அமைந்தவை என்பது அதற்குத் துணைநின்றது. சேவை 2018 ஜூலையில் முடிவுற்றது. டெஸ்லா நிறுவனமோ 2016 டிசம்பரில், மின்னேற்றம் முடிந்தும் நகராத கார்களுக்கு நிமிடத்துக்கு 40 சென்ட் கட்டணம் அறிவித்தது. இடத்தை முன்கூட்டிப் பிடித்துவைப்பதைவிட, இருப்பவரை விரைவில் கிளப்புவது எளிது என்ற கணக்கு இது.

இந்தியாவில் மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் முன்பதிவைத் தொடக்கத்திலேயே நிபந்தனையாக்கின. ஒவ்வொரு பொது மின்னேற்ற நிலையமும் குறைந்தது ஓர் இணையவழிச் சேவை நிறுவனத்துடன் இணைந்து, ஓட்டுநர்கள் நேரத்தைப் பதிவுசெய்ய வழிசெய்ய வேண்டும். நிலையத்தின் இடம், கருவிகளின் வகை, எண்ணிக்கை ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். நகரங்களில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒன்று என இலக்கும் வகுக்கப்பட்டது. அவ்விதி பேசியது நேரத்தைப் பதிவுசெய்வது பற்றி. உணவக வாசலிலோ பெட்ரோல் நிலையத்திலோ கருவி இருக்கும்போது, பதிவுசெய்தவர் வரும்வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பது அங்குள்ள காவலாளியின் பொறுப்பாக முடிகிறது.