உவர்நிலத்தின் மதிப்பு

உவர்நிலம் உழவனுக்கு ஆகாது என்பது வழக்கு. அவ்வழக்கைப் பொய்யாக்கியது ஒரு சிறு தேனீ.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரைமசால் என்னும் தீவனப் பயிரை விதைக்காகவும் வளர்ப்பர். அதன் பூவை அழுத்தினால், உள்ளே மடங்கியிருக்கும் மகரந்தத் தண்டு துள்ளி எழுந்து தேனீயை அடிக்கும். அடிபட்ட வளர்ப்புத் தேனீ அடுத்த முறை பக்கவாட்டில் தேனை உறிஞ்சிச் சென்றுவிடும்; பூ காய்க்காது. உவர்மண்ணில் வளை தோண்டி வாழும் காட்டுத் தேனீயோ அந்த அடியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், வயல்களைப் பெருக்குவதற்காக உவர்நிலங்கள் உழப்பட்டபோது வளைகளும் அழிந்தன. விதைக்கென விரிந்த வயலே விதைக்கு உதவிய உயிரின் வீட்டை இடித்தது.

இழந்த வீட்டை மனிதரே கட்டித்தர முற்பட்டனர். ஒறிகனைச் சேர்ந்த பூச்சியியலறிஞர் வில்லியம் ஸ்டீபன் அதற்கான முறையை 1960இல் வெளியிட்டார். ஏறத்தாழ 3 அடி ஆழக் குழி, அடியில் பொலித்தீன் விரிப்பு, அதன்மேல் சரளைக்கல், அதற்கும் மேல் மண். சரளையில் விடும் நீர் மண்வழியே மேலேறும். மேற்பரப்பில் இடும் உப்பு ஈரத்தைக் காக்கும். பழைய வளைகளிலிருந்து புழுக்களோடு வெட்டிய மண்கட்டிகளைப் பதித்துத் தேனீக்களைக் குடியேற்றினர்.

வாஷிங்டன் மாநிலத்தின் டூஷி பள்ளத்தாக்கு உழவர் பல பத்தாண்டுகளாக இத்தகைய தேனீ நிலங்களைப் பேணிவருகின்றனர். அங்கு 1 கோடியே 70 இலட்சம் பெண் தேனீக்கள் கூடுகட்டியதாக 2008இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

வயல் நடுவே ஒரு துண்டு வெறுநிலத்தைக் காப்பதும் உழவே ஆகும்.