கர்னல் கியூன்ஸ்லியும் டிச்சீனோ கலகமும்

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடிகாரம், சாக்லேட், பனிமலை, அப்புறம் அந்த ரகசிய வங்கிக் கணக்கு. அங்கேயும் துப்பாக்கி தூக்கி ஆட்சியைப் பிடித்தார்கள் என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1890 செப்டம்பர் 11 அன்று அது நடந்தது. நிலைமையைச் சமாளிக்கப் போனவர் ஒரு ஜவுளித் தொழிலதிபர்!

அவர் பெயர் அர்னோல்ட் கியூன்ஸ்லி (1832–1908). ஜெர்மன் மொழி பேசும் ஆர்காவ் மாநிலத்துக்காரர். முர்கென்தாலில் தொழில், தேசிய சபையில் உறுப்பினர் பதவி, ராணுவத்தில் கர்னல். ஒரே ஆளுக்கு எப்படி இத்தனை வேஷம் என்று கேட்கத் தோன்றும். சுவிஸ் ராணுவம் குடிமக்கள் படை. வக்கீலும் விவசாயியும் முதலாளியும் குறிப்பிட்ட நாட்கள் சீருடை போட்டுவிட்டு, பிறகு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஜெனரல் என்ற பதவியே நெருக்கடி வந்தால்தான். அதையும் நாடாளுமன்றமே கூடித் தேர்ந்தெடுக்கும்.

இனி டிச்சீனோவுக்கு வருவோம். ஆல்ப்ஸுக்குத் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் கத்தோலிக்க மாநிலம். பழமைவாதிகளும் லிபரல்களும் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பகைத்துக்கொண்டவர்கள். 1889 தேர்தலில் பழமைவாதிகளுக்கு 12,783 வாக்குகள், லிபரல்களுக்கு 12,166. வித்தியாசம் வெறும் 617. ஆனால் இடங்களோ 77-க்கு 35! தொகுதிகளை ஆளுங்கட்சி தனக்குத் தோதாக வெட்டி வைத்திருந்தது. அரசியல் சாசனத்தைத் திருத்த மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று லிபரல்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். ரெஸ்பினி தலைமையிலான அரசு தேதி குறிக்காமல் இழுத்தடித்தது.

பொறுமை போயிற்று. பெலின்சோனாவில் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினார்கள். அரசு மாளிகைக்குள் புகுந்தார்கள். அந்தக் களேபரத்தில் லூயிஜி ரோஸ்ஸி என்ற இளம் அமைச்சர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிமென் தலைமையில் தற்காலிக அரசு ஒன்றும் அமைந்துவிட்டது.

மத்திய அரசு கியூன்ஸ்லியை ஆணையராக்கி, இரண்டு பட்டாலியன்களோடு அனுப்பியது. 1882-ல் திறந்த கோத்தார்ட் ரயில் பாதை இருந்ததால் மலையைத் தாண்டுவது சிரமமாக இல்லை. சிரமம் வேறு இடத்தில். பறிபோன ஆட்சி சட்டப்படி வந்தது; அதைத் திரும்ப உட்கார வைக்கவேண்டும். ஆனால் உடனே உட்கார வைத்தால் மறுபடி ரத்தம் ஓடும். போதாததற்கு கியூன்ஸ்லியும் லிபரல் பக்கத்து ஆள். அவர் தற்காலிக அரசைக் கலைத்துவிட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பழைய அரசைத் திரும்ப அமர்த்துவதில் அவசரம் காட்டவில்லை. தன் கட்சிக்காரர்களுக்காகத்தான் தாமதித்தார் என்று பழமைவாதிகள் குற்றம் சொன்னார்கள். நம்ம ஊரில் 356-வது பிரிவு வந்தாலே எழும் புகார்தானே இது! அதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனாலும் அந்தச் சில வாரங்கள் கிடைத்ததால்தான் சண்டை தெருவிலிருந்து வாக்குப்பெட்டிக்கு மாறியது என்பது என் எண்ணம்.

அக்டோபர் 5 அன்று வாக்கெடுப்பு. திருத்தம் வேண்டும் என்ற பக்கம் ஜெயித்தது, நூறு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில். அவ்வளவு சரிபாதியாகப் பிளந்து கிடந்த ஊரில் ஒரு கட்சி மட்டும் ஆள்வது நடக்காத காரியம். வருஷக் கடைசியில் இரு தரப்பும் சேர்ந்த அரசு வந்தது. கூடவே வாக்குக்கு ஏற்ற இடம் என்கிற விகிதாசார முறையும். சுவிட்சர்லாந்தில் அதை முதலில் ஏற்றது டிச்சீனோதான். நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பதும் விகிதாசாரத்தின் ஒரு வகையே.

கலகக்காரர்கள் 1891-ல் ஜூரிச்சில் நடந்த விசாரணையில் விடுதலையானார்கள். ரோஸ்ஸியைச் சுட்டதாகச் சொல்லப்பட்ட காஸ்தியோனி லண்டனுக்கு ஓடியிருந்தார். அது அரசியல் குற்றம், ஒப்படைக்க முடியாது என்று அங்குள்ள நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வழக்கின் பெயர் தெரிந்திருக்கும்.

தேசிய சபைத் தேர்தலுக்கு விகிதாசார முறை வேண்டும் என்று நாட்டு மக்கள் 1918-ல் வாக்களித்தார்கள். கியூன்ஸ்லி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. 1919-ல் நடந்த அந்த முதல் தேர்தலில், பல காலமாக அனுபவித்துவந்த பெரும்பான்மையை இழந்தது அவருடைய கட்சிதான்.